மைக் ஏகாம்பரத்தின் டி டிரைவ்

எங்கள் கடைப் பிள்ளைகள் ஒரு வாட்ஸ்அப் குழு வைத்திருக்கிறார்கள். நான் வேலையை விட்டு நின்ற பிறகும் என்னை அதிலிருந்து நீக்கவில்லை. போன வாரம் சுகன்யா அதில் ஒரு படம் போட்டிருந்தாள். யாரோ ஒரு வாடிக்கையாளரின் கம்ப்யூட்டர். சி டிரைவ் நிரம்பிச் சிவப்பாகிக் கிடக்கிறது. பக்கத்திலேயே டி டிரைவ் பாதி காலி.

"அக்கா, டி-லேர்ந்து எடம் எடுத்து சி-க்குக் குடுக்கணும். யூடியூப்ல ஒருத்தர் அஞ்சு நிமிஷத்துல முடிச்சிட்டாரு. உங்க காலத்துல மட்டும் ஏன் அர நாள் புடிச்சுது?" என்று கேட்டிருந்தாள்.

செய்முறையை நாலு வரியில் எழுதி அனுப்பிவிடலாம் என்றுதான் உட்கார்ந்தேன். முதல் வரி எழுதும்போதே மனசு வைத்திக்குப்பத்தில் ஏகாம்பரம் அண்ணன் வீட்டு வாசலில் போய் நின்றுகொண்டது. அதனால் இது செய்முறை இல்லை. சுகன்யா மன்னிக்க வேண்டும்.

என் அப்பா மில் தொழிலாளி. மில் மூடிய சமயத்தில் நான் டிப்ளமோ முடித்திருந்தேன். புதுவையில் சாரம் என்கிற பகுதியில் எங்கள் வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளி ஒரு மாடியில் கம்ப்யூட்டர் பழுது பார்க்கச் சொல்லிக் கொடுத்தார்கள். சேர்ந்தேன், கற்றேன், பெரிய மார்க்கெட்டுக்குக் கிழக்கே ஒரு சர்வீஸ் கடையில் வேலைக்குப் போனேன். அதே கடையிலிருந்து தலை நரைத்து வெளியே வந்தேன். படித்த கதை அவ்வளவுதான்.

கடை முதலாளி சேவியர். அவருடைய அப்பா பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர். இவரும் பிரான்சுக்குப் போய்ப் படித்துவிட்டு, குளிர் ஒத்துக்கொள்ளவில்லை என்று திரும்பி வந்துவிட்டார். நாங்கள் எல்லோரும் முசியே, அதாவது ஐயா, என்றுதான் கூப்பிடுவோம். கோபம் வந்தாலும் குரல் உயராது. யாராவது அவசரப்பட்டால் "தூஸ்மான், தூஸ்மான்" என்பார். மெதுவாக என்று அர்த்தம். முசியேவை விட்டால் கடையில் அந்த ஒரு பிரெஞ்சு வார்த்தை மட்டும் எங்கள் எல்லோருக்கும் தெரியும்.

டிஸ்க்கில் இடம் பிரிக்கிற வேலையை மட்டும் அவர் வெகுகாலம் யாரிடமும் விட்டுக் கொடுக்கவில்லை. அதற்குக் காரணம் உண்டு. கம்ப்யூட்டருக்குள் இருக்கும் டிஸ்க் ஒன்றுதான். நடுவில் கோடு போட்டு, முன்பாதியை சி என்றும் பின்பாதியை டி என்றும் பிரித்து வைப்பார்கள். அந்தக் காலத்தில் கம்ப்யூட்டரைப் பாகம் பாகமாகப் பூட்டிக் கொடுத்தவர்கள் சி-யை ரொம்பச் சின்னதாக விட்டுவிடுவார்கள். விண்டோஸ் அதற்குள் இருந்துகொண்டு வருடா வருடம் பருத்துக்கொண்டே போகும். ஒரு நாள் மூச்சு முட்டும். டி-யைச் சுருக்கலாம் என்றால், காலியாகும் இடம் டி-யின் வால் பக்கம் போய் விழும். சி-க்கு அது எட்டாது. ஆகவே டி-யில் இருப்பதை எல்லாம் அப்படியே பின்னால் தள்ளிக்கொண்டு போய், காலி இடத்தைச் சி-யின் ஓரத்துக்குக் கொண்டுவர வேண்டும். அந்தத் தள்ளுதலில்தான் உயிர் இருக்கிறது. பாதி வழியில் நின்றால் பாதிச் சாமான் பழைய இடத்தில், பாதி புது இடத்தில், எது எங்கே என்று சொல்ல ஆளில்லை.

முசியே வேலையைத் தொடங்கும் முறையே தனி. முதலில் வாடிக்கையாளரை உட்கார வைப்பார். தண்ணீர் கொடுப்பார். பிறகு கேட்பார்:

"இதுக்குள்ள எது போனா நீங்க அழுவீங்க?"

ஆட்கள் சிரிப்பார்கள். பிறகு சிரிப்பு அடங்கி யோசிப்பார்கள். ஆபீஸ் கோப்புகளைப் பற்றி இவ்வளவு நேரம் பேசிக்கொண்டிருந்த வக்கீல், செத்துப்போன நாயின் படங்கள் என்று சொன்னார். கல்லூரியில் படிக்கிற ஒரு பெண், சொல்ல மாட்டேன், நானே காப்பி எடுத்துக்கொள்கிறேன் என்றாள். முசியே எழுந்து போய்த் திரையைப் பார்க்காமல் தெருவைப் பார்த்துக்கொண்டு நின்றார். அழக்கூடியதை முதலில் வேறொரு டிஸ்க்குக்கு நகல் எடுப்போம். அதைத் திறந்து பார்ப்போம். அதற்கப்புறம்தான் மற்றது.

மதியம் ஊர் கதவைச் சாத்திக்கொள்ளும் நேரத்தில்தான் நகர்த்தலைத் தொடங்குவார். கடைகள் ஷட்டரைப் பாதி இறக்கிவிடும். தெருவில் ஒரு நாய், ஒரு வெயில், அவ்வளவுதான் இருக்கும். முசியே கைக்கடிகாரத்தைக் கழற்றி மேசை டிராயரில் போடுவார். இரண்டு கையையும் கோயிலில் உட்கார்ந்தவர் மாதிரி தொடை மேல் வைத்துக்கொள்வார். திரையில் புரோகிரஸ் பார் என்கிற ஒரு நீலக் கோடு நகர ஆரம்பிக்கும்.

"பார் ஓடும்போது ஆளு ஓடக்கூடாது, மங்கை" என்பார் என்னிடம்.

அந்த நீலக் கோட்டைப் பார்த்தபடி நான் உட்கார்ந்திருந்த மதியங்களைச் சேர்த்துப் பார்த்தால் ஒரு தனி ஆயுள் வரும். கோடு நகர்கிறதா நிற்கிறதா என்று தெரியாது. கண்ணை எடுத்துவிட்டுத் திரும்பப் பார்த்தால் ஒரு நூலிழை முன்னால் போயிருக்கும். பாதி இறங்கிய ஷட்டரின் கீழே வெளிச்சம் தரையில் நீண்டு வந்து, மேசைக் காலைத் தொட்டு, மெல்லத் திரும்பிப் போகும். யாரோ ஒருவருடைய கல்யாணப் படங்கள், யாரோ ஒருவருடைய பாட்டுகள், பாதி எழுதி நிறுத்திய கடிதங்கள் எல்லாம் அந்த நேரத்தில் எங்கள் கண்ணுக்கு முன்னால் இருட்டுக்குள் இடம் மாறிக்கொண்டிருக்கும். எனக்குத் தூக்கம் வராது. தூக்கத்துக்குப் பக்கத்து வீட்டில் இருப்பது போல இருக்கும்.

ஒரு முறை மார்க்கெட் பக்கத்தில் ஒரு வீடியோ ஸ்டுடியோவில் இப்படி நடுவில் இருக்கும்போது கரண்ட் போய்விட்டது. யூபிஎஸ் கத்த ஆரம்பித்தது. ஸ்டுடியோக்காரர் "நிறுத்துங்க, கேன்சல் குடுங்க" என்று மவுஸைப் பிடுங்க வந்தார். முசியே அவர் கையைப் பிடித்துக்கொண்டார். தடுப்பதற்காகப் பிடித்த மாதிரி இல்லை. திருவிழாக் கூட்டத்தில் குழந்தையின் கையைப் பிடிப்போமே, அப்படி. யூபிஎஸ் கத்திக்கொண்டே இருந்தது. அவர் விடவே இல்லை. கோடு போய்க் கடைசி முனையைத் தொட்டு "முடிந்தது" என்று வந்த பிறகுதான் கையை விட்டார். ஸ்டுடியோக்காரர் வேர்த்து விறுவிறுத்துப் போய்த் தரையில் உட்கார்ந்துவிட்டார். அவர் பிடிபட்ட கையை ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தது எனக்கு ஞாபகம் இருக்கிறது.

அதற்குப் பிறகு பல வருடங்கள் கழித்து, முசியே வீடுகளுக்குப் போவதை அநேகமாக நிறுத்தி, இடம் பிரிப்பது தவிர மற்றதை எல்லாம் நானே பார்த்துக்கொண்டிருந்த காலத்தில் ஏகாம்பரம் அண்ணன் வீட்டிலிருந்து அழைப்பு வந்தது.

மைக் ஏகாம்பரத்தை இந்த ஊரில் பார்க்காதவர்கள் உண்டு. கேட்காதவர்கள் கிடையாது. ஆட்டோ மேல் இரண்டு குழாய் ஸ்பீக்கர் கட்டி, தெருத் தெருவாக அறிவிப்புச் செய்கிறவர். ஜவுளிக்கடைத் தள்ளுபடி, சர்க்கஸ், தேர்த் திருவிழா, குடிதண்ணீர் வராத நாள், காணாமல் போன பிள்ளை, புயல், சாவு எல்லாம் அவர் குரலில்தான் எங்கள் தெருவுக்கு வரும். வீட்டிலேயே கம்ப்யூட்டரில் பேசிப் பதிவு செய்து, ஆட்டோவில் போட்டுவிட்டுக் கூடவே போவார்.

அந்தக் குரலைத் தொண்டைப் புற்று எடுத்துக்கொண்டது. ஆபரேஷன் செய்தால் ஆள் பிழைக்கலாம், குரல் போகும் என்று டாக்டர்கள் சொல்லிவிட்டார்கள். ஆஸ்பத்திரியில் சேருவதற்கு முன்னால் அவர் வீட்டில் உட்கார்ந்து, வாழ்நாளுக்குத் தேவைப்படும் என்று தோன்றிய வார்த்தைகளை ஒவ்வொன்றாகப் பேசிப் பதிவு செய்தார். தண்ணி. சோறு. வலிக்குது. போதும். வேணாம். யாரு. உறவுக்காரப் பெண் ஒருத்தி அதையெல்லாம் திரையில் பொத்தான்களாக வரிசைப்படுத்தித் தந்தாள். பொத்தானை அமுக்கினால் அவர் குரல் பேசும். எழுதினால் படித்துக் காட்டும் மெஷின் குரலும் போட்டுக் காட்டியிருக்கிறாள். அதை அவர் ஒரே நாளில் மூடிவிட்டார்.

முசியே தானும் வருவதாகச் சொன்னார். "எங்கம்மா செத்தப்ப அவருதான் ஊருக்குச் சொன்னாரு" என்றார்.

நாங்கள் போனபோது அண்ணன் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தார். தொண்டையில் வெள்ளைத் துணி. எங்களைப் பார்த்ததும் கும்பிட்டுவிட்டு ஒரு பொத்தானை அமுக்கினார். ஒன்றும் கேட்கவில்லை. நாங்கள் உட்கார்ந்தோம். அவருடைய மனைவி அஞ்சலாட்சி அக்கா மோர் கொண்டுவந்தார். பாதி மோர் குடித்திருப்போம், ஸ்பீக்கரிலிருந்து அந்த வெண்கலக் குரல் கிளம்பியது:

"வருக, வருக என இருகரம் கூப்பி வரவேற்கிறோம்!"

"இதான் பாப்பா கஷ்டம்" என்றார் அக்கா. "தண்ணின்னு அமுக்குறாரு. நான் குடுத்து, அவரு குடிச்சு, டம்ளர கழுவிக் கவுத்தப்புறம் தண்ணின்னு கேக்குது. சில நாளு ராவுல அமுக்குனது காலைல பேசுது."

அண்ணன் தோளைக் குலுக்கிச் சிரித்தார். சத்தம் இல்லாத சிரிப்பு.

பதிவு செய்து வைத்த வார்த்தைகள் போதாத இடங்களில் பழைய விளம்பரங்களிலிருந்து வெட்டிப் பொத்தானாக்கியிருந்தார். குழம்பு நன்றாக இருந்தால் "தரத்துக்கு நாங்கள் உத்தரவாதம்." காபி தாமதமானால் "முந்துங்கள், முந்துங்கள்." மாத்திரை சாப்பிட மாட்டேன் என்று அடம் பிடித்து, கடைசியில் சம்மதிக்கும்போது "இன்றே கடைசி."

நான் பார்த்தேன். சி நிரம்பி வழிந்தது. டி-யும் கிட்டத்தட்ட முழுக்க. டி-யில் இரண்டு பெரிய ஃபோல்டர்கள். ஒன்றில் ஒலிபரப்பான அறிவிப்புகள், பழைய கேசட்டுகளிலிருந்து ஏற்றியவையும் சேர்த்து. இன்னொன்றுக்கு "வெட்டாதது" என்று பெயர். அதுதான் அதிக இடத்தை அடைத்துக்கொண்டிருந்தது.

"அது குப்ப, பாப்பா" என்றார் அக்கா. "தப்பாப் பேசுனது, இருமுனது, திரும்பப் பேசுனது. அத அழிச்சிட்டா எடம் வந்துடும்ல?"

அண்ணன் மடியிலிருந்த சிலேட்டில் "அழிக்கலாம்" என்று எழுதிக் காட்டினார்.

முசியே குனிந்து கம்ப்யூட்டர் பெட்டியின் மேல் காதை வைத்தார். வெகு நேரம் அப்படியே இருந்தார். வெளியே படகை மணலில் ஏற்றுகிறவர்களின் சத்தம் கேட்டது. பிறகு என்னைக் கூப்பிட்டுக் காதை வைக்கச் சொன்னார். உள்ளே, சுழலும் சத்தத்துக்கு அடியில், யாரோ நகத்தால் மேசையைத் தட்டுவது போல ஒரு சின்னச் சத்தம்.

"டிஸ்க்கே ஒடம்பு சரியில்லாம கெடக்குது" என்றார். "இதுல எதையும் அழிக்கவும் வேணாம், நவுத்தவும் வேணாம். மொதல்ல பெருசா ஒரு புது டிஸ்க்குல அப்பிடியே நகல் எடுப்போம். சி-க்கும் டி-க்கும் நடுவுல இருக்கற சுவர அங்க தள்ளிக்கலாம். சாமான தூக்கிப் போடறதப் பத்தி அப்புறம் பேசலாம்." பிறகு வழக்கமான கேள்வியைக் கேட்டார். "அண்ணே, இதுக்குள்ள எது போனா நீங்க அழுவீங்க?"

அண்ணன் சிலேட்டை எடுக்கவில்லை. விரலால் தொண்டைத் துணியைத் தொட்டார். அதே விரலைப் பெட்டியின் மேல் வைத்தார்.

பெட்டியைக் கடைக்கு எடுத்து வந்தோம். அதுவரை அண்ணன் ஊமையாக வீட்டில் இருந்தார்.

நோயாளி டிஸ்க்கிலிருந்து நகல் எடுப்பதற்கு ஒரு முறை இருக்கிறது. நேராக முதலிலிருந்து கடைசி வரை படிக்கக் கூடாது. அடிபட்ட இடத்தில் அது முட்டி மோதிக்கொண்டே நின்று, நன்றாக இருக்கிற இடத்தைப் படிப்பதற்குள் செத்துப்போகும். "நல்லா இருக்கறத எல்லாம் மொதல்ல வாங்கிக்க. அடிபட்ட எடத்த தாண்டிப் போ. அப்புறமா திரும்பி வந்து கெஞ்சு" என்பார் முசியே. திரையில் டிஸ்க் முழுவதும் சின்னச் சின்னக் கட்டங்களாகத் தெரியும். படித்தது பச்சை. தாண்டியது சிவப்பு. பச்சை பரவி நிறைந்தது, வயலில் நடவு முடிந்த மாதிரி. ஆங்காங்கே சிவப்பு. பிறகு ஒவ்வொரு சிவப்புக்கும் திரும்பிப் போனோம். சூடு ஏறினால் நிறுத்தி ஆறவிட்டோம். மறுபடி போனோம். ஒரு சிவப்புக் கட்டம் பச்சையாகும்போது முசியே தலையை லேசாக ஆட்டுவார், தெரிந்தவர் தெருவில் போகிற மாதிரி. முடிவில் சில கட்டங்கள் மட்டும் மாறவே இல்லை.

அந்தக் கட்டங்களில் எது இருந்தது என்று தேடினேன். பெரும்பாலும் வெற்றிடம். ஒரு செருப்புக் கடை விளம்பரம். அப்புறம், வீட்டு வார்த்தைகள் இருந்த ஃபோல்டரில் ஒரே ஒரு கோப்பு. அதன் பெயர் "அஞ்சல".

திறந்தால் திறக்கவில்லை. நான் முசியேவைப் பார்த்தேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தார்.

புது டிஸ்க்கில் மீதி வேலையைச் செய்தோம். வால் பக்கம் நிறைய காலி இடம். டி-யைப் பின்னால் தள்ளிச் சி-யை நீட்ட வேண்டும். அன்று முசியே நாற்காலியை இழுத்து என் பக்கம் தள்ளிவிட்டு, "நீ உக்காரு" என்றார். அவர் பின்னால் நின்றார். நான் நீலக் கோட்டைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். சர்க்கஸ் நகர்கிறது, தேர் நகர்கிறது, காணாமல் போன பிள்ளைகள் வரிசையாக நகர்கிறார்கள், தண்ணீர் வராத நாட்கள் எல்லாம் நகர்கின்றன என்று நினைத்துக்கொண்டேன். ஒரு ஊர் மெல்ல எழுந்து பக்கத்து மனைக்குக் குடி போவது போல இருந்தது. அவ்வளவு கூட்டத்தில் ஒரு பெண்ணின் பெயர் மட்டும் வரவில்லை.

மறுநாள் இருவரும் வைத்திக்குப்பம் போனோம். பெட்டியைத் தருவதற்கு முன்பே சொல்லிவிட வேண்டும் என்று முசியே சொல்லியிருந்தார். உட்காரச் சொன்னார்கள். அவர் நின்றபடியே சொன்னார்.

"வீட்டு வார்த்தையெல்லாம் வந்துடுச்சிண்ணே. ஒண்ணே ஒண்ணு வரல. அக்கா பேரு வரல. எங்களால முடிஞ்சத பாத்தோம்."

"என் பேருதான?" என்றார் அக்கா உடனே. "போனா போவுது. தண்ணி கேக்க முடியுதுல்ல, அது போதும். நீங்க ஒக்காருங்க."

பெட்டியை இணைத்தேன். அண்ணன் "தண்ணி" அமுக்கினார். விரலை எடுப்பதற்குள் குரல் வந்தது. அக்கா கை தட்டினார். அண்ணன் வரிசையாக ஒவ்வொரு பொத்தானாக அமுக்கிக்கொண்டே வந்தார். சோறு. வலிக்குது. போதும். எல்லாம் பட் பட்டென்று பேசின. அந்தப் பொத்தான் வந்தது. வராது என்று தெரிந்தும் அமுக்கினார். காத்திருந்தார். திரும்ப அமுக்கவில்லை. எழுந்து போய் வாசலில் கடலைப் பார்த்து நின்றுகொண்டார்.

சில நாள் கழித்து அக்கா போன் செய்தார். "அவரு பொட்டிகிட்டயே போவ மாட்டேங்குறாரு பாப்பா. சிலேட்டையும் எடுக்கல. எல்லாம் கை ஜாடதான். நீ வந்து எதுனா சொல்லேன்."

ஞாயிற்றுக்கிழமை போனேன். அவர் இத்தனை வருடம் எத்தனையோ ஆயிரம் பெயர்களைச் சொல்லியிருக்கிறார், அதில் ஒரு அஞ்சலை இல்லாமலா போய்விடுவாள், தேடி வெட்டிக் கொடுத்துவிடலாம் என்று நினைத்தேன். இந்தப் பக்கத்தில் தெருவுக்கு ஒரு அஞ்சலையாவது இருப்பாள்.

அந்த மாதம் ஞாயிறுதோறும் மதியம் போனேன். கத்திரி வெயில். மூன்று பேரும் உட்கார்ந்து கேட்டோம். அண்ணன் முதலில் சுவரைப் பார்த்துக்கொண்டுதான் உட்கார்ந்திருந்தார். மெல்லத் திரும்பினார். மூடிப்போன ஒரு தியேட்டரில் படம் மாறியது. இப்போது வங்கி இருக்கும் இடத்தில் பாத்திரக்கடை திறந்தார்கள். நீல நிறச் சட்டை போட்ட நாலு வயதுப் பையன் மார்க்கெட்டில் காணாமல் போனான். "கெடச்சிட்டான், கெடச்சிட்டான், அன்னிக்கி சாயங்காலமே" என்றார் அக்கா, இன்னும் யாரோ தேடிக்கொண்டிருப்பது போல. மீனவர்கள் கடலுக்குப் போக வேண்டாம் என்று அவர் கெஞ்சுகிற குரலுக்குப் பின்னால் காற்று ஊளையிட்டது. நான் சின்ன வயதில் எங்கள் தெருவில் கேட்ட குரல் எது, ஸ்பீக்கரில் கேட்கிற குரல் எது என்று பிரிக்க முடியாமல் போயிற்று. ஒரு மதியம் என் அப்பாவின் மில் வாசல் கூட்டம் பற்றிய அறிவிப்பு வந்தது. நான் நிறுத்தவில்லை. அது பாட்டுக்கு ஓடி முடிந்தது.

மூன்றாவது ஞாயிறு அது கிடைத்தது.

"...அன்னாரது துணைவியார் திருமதி அஞ்சலாட்சி அம்மாள் அவர்கள் இன்று காலை இயற்கை எய்தினார் என்பதை ஆழ்ந்த வருத்தத்துடன்..."

நான் சட்டென்று நிறுத்தினேன். அக்காதான் முதலில் சிரித்தார்.

"யாரோ ஒரு புண்ணியவதி. எடுத்துக்க பாப்பா. பேருல என்னா இருக்குது? அந்தப் பேர மட்டும் வெட்டி வெச்சிக் குடு."

அண்ணன் கையை நீட்டி மவுஸை என்னிடமிருந்து வாங்கினார். அத்தனை நாளுக்குப் பிறகு முதல் முறையாக ஒரு பொத்தானை அமுக்கினார்.

"வேணாம்."

"அட, சாஸ்திரம் பாக்குறீங்களா? நான் நல்லாத்தான இருக்கறேன்?"

"வேணாம். வேணாம். வேணாம்."

அக்கா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

ஒலிபரப்பானவை அதோடு தீர்ந்துவிட்டன. கிளம்ப வேண்டியதுதான். எழுந்திருப்பதற்கு முன்னால், வெறுமனே, "வெட்டாதது" ஃபோல்டரைத் திறந்து ஒன்றை ஓடவிட்டேன். அழிக்கச் சொன்ன குப்பை.

முதலில் மைக்கைத் தட்டுகிற சத்தம். தொண்டையைக் கனைக்கிற சத்தம். பிறகு, மேடைக் குரல் இல்லை, வெண்கலம் இல்லை, சாதாரண வீட்டுக் குரல், எரிச்சலோடு:

"ஏ அஞ்சல! ஃபேன நிறுத்து!"

அக்கா எழுந்து போய் சுவிட்சைத் தட்டினார். ஃபேன் சுழன்று சுழன்று நின்றது. திரும்பி வந்து உட்கார்ந்த பிறகுதான், தான் என்ன செய்தோம் என்று அவருக்கே தெரிந்தது. வாயில் கையை வைத்துக்கொண்டார். ஸ்பீக்கரில், நின்றுபோன அந்த நாளின் ஃபேனுக்குப் பின்னால் அலைச் சத்தம் கேட்டது. அதற்கப்புறம் வெண்கலக் குரல், "புதுவை வாழ் பொதுமக்களே!" என்று தொடங்கியது.

அடுத்ததைத் திறந்தேன். "அஞ்சல, ஃபேனு." அடுத்தது. "அஞ்சல, அந்த மிக்சிய செத்த நிறுத்தேன்." அடுத்தது. "அஞ்சல... அஞ்சல... எங்க போய்ட்டா இவ?" ஒவ்வொரு பதிவின் தலையிலும் அக்காவின் பெயர் இருந்தது. ஊருக்குப் பேசுவதற்கு முன்னால் ஒவ்வொரு தடவையும் அந்த மனுஷன் மனைவியைக் கூப்பிட்டிருக்கிறார். கோபமாக, சலிப்பாக, அவசரமாக, தூக்கக் கலக்கமாக. ஒன்றில் சிரித்துக்கொண்டே. ஒன்றில் காய்ச்சலோடு. அந்தப் புழுக்கத்தில் மூன்று பேருக்கும் வேர்வை வழிந்துகொண்டிருந்தது. ஃபேனைத் திரும்பப் போட வேண்டும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. அண்ணன் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். கண்ணீர் தொண்டைத் துணி வரைக்கும் இறங்கியது.

"எத வெட்டட்டும்?" என்று கேட்டேன்.

அண்ணன் சிலேட்டில் "சிரிச்சது" என்று எழுதினார்.

"அது வேணாம் பாப்பா" என்றார் அக்கா. "அது யாரையோ கூப்புடற மாரி இருக்குது. மொதல்ல ஒண்ணு கத்துனாரே, அத போடு. அதான் இவரு."

வெட்டினேன். முன்னும் பின்னும் சீவி, பழைய பொத்தானில் சேர்த்தேன். அக்கா காபி போட அடுப்படிக்குப் போயிருந்தார். அண்ணன் என்னைப் பார்த்தார், பொத்தானைப் பார்த்தார். அமுக்கினார்.

"ஏ அஞ்சல!"

அடுப்படியிலிருந்து பதில் இல்லை. பாத்திரச் சத்தம் மட்டும்.

"ஏ அஞ்சல!"

பதில் இல்லை.

"ஏ அஞ்சல!"

"வரேன், வரேன். எதுக்கு இப்பிடி கத்துறீங்க?"

அண்ணன் இன்னொரு தடவை அமுக்கினார்.